ரெட்டை மெசினின் இரண்டாவது பொட்டு

அந்தக் கணினி ஹட்டனுக்கு வந்து சேர்ந்தது 2001ஆம் ஆண்டு ஆனி மாதத்தில். ஆனி என்று எழுதிய பிறகு ஒருமுறை யோசித்துப் பார்த்தேன்; சரிதான். தோட்டத்து ஆபீசில் செய்துவந்த கிளாக்கர் வேலையை நான் விட்டது வைகாசிக் கடைசியில். ஆனி மாதச் சம்பள நாளன்று முதன்முறையாக எனக்குச் சம்பளம் இல்லை. அன்றைக்கு நான் கொழும்பிலிருந்து வந்த வேனின் பின்பக்கம் உட்கார்ந்து, பழைய கம்பளியில் சுற்றிய ஒரு பெரிய பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். கினிகத்தேனை வளைவுகளில் வேன் சாய்ந்தபோதெல்லாம் நானும் பெட்டியோடு சேர்ந்து சாய்ந்தேன்.

முன் ஆசனத்தில் இருந்தவன் என் நண்பன். நண்பன் என்று மட்டும் இங்கே எழுதுகிறேன். ஒரே தோட்டம், அடுத்தடுத்த லயத்து வீடு, கொட்டகலையில் ஒரே பள்ளிக்கூடம். மழை நாட்களில் ஒரே உரச்சாக்கைத் தலைக்குமேல் மடித்துப் பிடித்துக்கொண்டு பள்ளிக்குப் போனவர்கள் நாங்கள். அவன் ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் கேம்ஸ் கடை வைத்திருந்தான். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளும் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து இளைஞர்களும் அங்கே வந்து கார் ஓட்டுவார்கள், துப்பாக்கி சுடுவார்கள். என்னிடம் ஒரு வீடியோக் கமரா இருந்தது. கலியாணம், சடங்கு, கோவில் திருவிழா என்று லீவு நாட்களில் படம் பிடித்துக் கொடுத்துவந்தேன். படத்தை வெட்டி ஒட்டிச் சீடியில் போட்டுத் தர மலையகத்தில் அப்போது அதிகம் பேர் இல்லை. கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்ப வேண்டும். அதை நாமே ஹட்டனில் செய்யலாம், நீ ஆபீசை விட்டுவிட்டு வா என்றான். போனேன்.

கம்பளிக்குள் இருந்தது சாதாரணக் கணினி அல்ல. கொழும்பில் ஏதோ விளம்பரக் கம்பெனி பாவித்துவிட்டு விற்றது. மற்றக் கணினிகளில் கணக்குப் போடும் புரோசசர் ஒன்றுதான் இருக்கும். இதில் ஒரே பலகையில் இரண்டு. ஒவ்வொன்றும் பாட்டுக் கெசட்டைவிடக் கொஞ்சம் நீளமான கறுப்புப் பெட்டி. பக்கத்தில் ஒரு சின்ன விசிறி. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும். ஒன்று ஒரு வேலையில் இருக்கும்போதே மற்றது இன்னொரு வேலையைப் பார்க்கும். சில வேலைகளை இரண்டும் பங்கு போட்டுக்கொண்டு செய்யும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நண்பன் அதைக் கடைப் பிள்ளைகளுக்குக் காட்டினான். ஒரு கலியாணப் படத்தைச் சீடிக்கு மாற்றும் வேலையைப் பின்னால் ஓடவிட்டு, முன்னால் கார்ப் பந்தயத்தைத் திறந்தான். மற்ற மெசின்களில் பாட்டு ஒன்றை ஓடவிட்டாலே கார் திக்கித் திக்கிப் போகும். இதில் வழுக்கிக்கொண்டு போனது. பிள்ளைகள் அவன் கதிரையைச் சுற்றி நெருக்கினார்கள்.

"அண்ணே, இதுக்கு ரெண்டு மண்டையா?" என்று ஒருவன் கேட்டான்.

"ஒரு மண்ட காரு ஓட்டுது. மத்த மண்ட கலியாணம் கட்டுது" என்றான் நண்பன்.

அன்றிலிருந்து அதற்கு ரெட்டை மெசின் என்று பெயர். திரையில் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தால் இரண்டு கறுப்புக் கட்டங்கள் தெரியும். ஒவ்வொரு புரோசசரும் எவ்வளவு உழைக்கிறது என்பதை அவற்றில் பச்சைக் கோடு ஏறி இறங்கிக் காட்டும். வேலை நடக்கும்போது நான் அதைத் திறந்து வைத்துக்கொள்வேன். இரண்டு கோடுகளும் உச்சியில் சேர்ந்தாற்போல் போவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

வேலையில் நான் வைத்திருந்த ஒரே பெருமை, சொன்ன தேதிக்குக் கொடுப்பது. கிழிக்கும் நாட்காட்டியின் தாளில் வாடிக்கையாளரின் ஊரைச் சிவப்பு மையால் எழுதிவைப்பேன். பூண்டுலோயா, கொத்மலை, டிக்கோயா. அந்தத் தாளைக் கிழிக்கும் நாளில் சீடி மேசையில் இருக்கும். முதல் ஆண்டு ஒரு தாளும் பிந்தவில்லை. மின்வெட்டு இருந்த காலத்திலும் பிந்தவில்லை. வெட்டு நேரத்தைக் கழித்துக் கணக்குப் போட்டுத்தான் தேதி சொல்வேன்.

அந்த ஆண்டு ஆயுத பூசை ஐப்பசியில் வந்தது. என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலர்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். பூசையன்று ஸ்டோரில் மெசின்களைக் கழுவி, மூடிகளைக் கழற்றி, உள்ளே சுழலும் பாகத்துக்குத்தான் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். வெளித்தகரத்துக்கு வைத்துவிட்டுப் போனால் அப்பாவுக்குப் பிடிக்காது. எது வேலை செய்கிறதோ அதற்குத்தான் பொட்டு என்பார். அந்தப் பழக்கத்தில் நான் ரெட்டை மெசினின் பக்க மூடியைக் கழற்றி, தூசு தட்டி, இரண்டு கறுப்புப் பெட்டிகளின் விளிம்பிலும் விரல் நுனியால் சந்தனம் வைத்து நடுவில் குங்குமம் வைத்தேன். கேம்ஸ் மெசின்களுக்கு நண்பன் வெளியே மட்டும் வைத்தான். ஆறையும் கழற்றிப் பூட்ட நேரமில்லை என்றான். என்னைப் பார்த்துச் சிரித்தான். ஆனாலும் நான் பொட்டு வைத்து முடிக்கும்வரை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

2002 சித்திரை விடுமுறைக்குப் பிறகு மெசின் மெதுவாகியது.

முதலில் நான் மின்வெட்டைக் காரணம் சொல்லிக்கொண்டேன். வெட்டு நின்றது, வேகம் திரும்பவில்லை. பகலில் முடிந்துவிடும் வேலை மறுநாளைக்கும் நீண்டது. நான் படத்தில் எழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் வேறு ஏதாவது ஓடினால் திரை உறைந்து நின்றது. ஒருநாள் அந்தச் சின்ன ஜன்னலைத் திறந்தேன். இரண்டு கட்டங்கள் இருந்த இடத்தில் ஒரே கட்டம்.

நண்பனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். வைரஸ் வந்ததால் லீவு நேரத்தில் விண்டோசைப் புதிதாகப் போட்டதாகவும், இப்போது அது இரண்டையும் சேர்த்து ஒரே கோடாகக் காட்டுகிறது என்றும் சொன்னான். நான் எதையும் வாசித்து உறுதிப்படுத்திக்கொள்ளும் ஆள். கண்டியில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய கணினிப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். அப்படி ஒரு வசதி உண்மையிலேயே இருந்தது. விரும்பினால் எல்லாப் புரோசசர்களையும் ஒரே கட்டத்தில் காட்டச் செய்யலாம் என்று எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தை மடித்துவைத்துவிட்டு அவனை நம்பினேன். அந்தப் புத்தகத்தை நான் வாசிக்காமல் இருந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தோண்டியிருப்பேனோ என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

மெசினில் குறையில்லை என்றால் குறை என்னிடம். அப்படித்தான் என் கணக்கு போனது. நான் அதிகமாக வெட்டுகிறேன், அதிகமாக அலங்காரம் சேர்க்கிறேன், பொருந்தாத முறையில் படத்தை ஏற்றுகிறேன். ஆனியில் ஒரு சிவப்புத் தாள் பிந்தியது. ஆடியில் இரண்டு. பூண்டுலோயாவிலிருந்து வந்த ஒருவர் படிக்கட்டிலேயே நின்று, கண்டிக்குக் கொடுத்திருந்தால் இதற்குள் இரண்டு தடவை வந்திருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். கேம்ஸ் பக்கத்தில் மூன்றாம் நம்பர் மெசினில் பிள்ளைகள் கூச்சலிட்டுக்கொண்டு கார் ஓட்டினார்கள். அந்த மெசின்தான் அப்போது கடையிலேயே நல்ல வேகம். அதில் உட்கார அவர்கள் அடித்துக்கொள்வார்கள்.

நண்பன் எனக்கு ஆறுதல் சொல்வான். பிளேன்டீ கொண்டுவந்து மேசையில் வைப்பான். "இந்தக் குளிருக்கு மனுசனே மெதுவாத்தான் வேல செய்றான். மெசின் என்னடா பண்ணும்?" என்பான். ஈரம் உள்ளே தங்காமல் இருக்க நான் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு பல்பை எரியவிட்டேன். அதற்கு ஹோல்டர் வாங்கிவந்து பூட்டிக் கொடுத்ததும் அவன்தான்.

ஆவணியில் வந்தது எங்கள் கணக்கு வாத்தியார் மகளின் கலியாணம். வாத்தியார் யாழ்ப்பாணத்துக்காரர், மலையகத்துக்குப் படிப்பிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். பத்து ஆட்கள் ஆறு நாளில் செய்யும் வேலையை ஐந்து ஆட்கள் எத்தனை நாளில் செய்வார்கள் என்ற கணக்கையெல்லாம் எங்களுக்குச் சொல்லித்தந்தவர். வகுப்பில் என் கணக்குக் கொப்பியைத் தூக்கிக் காட்டி, கொடுத்த வேலையைக் கொடுத்த நாளில் தருகிறவன் இவன் என்று சொன்னவரும் அவர்தான். மாப்பிள்ளை கனடாவிலிருந்து வந்திருந்தார். தம்பதிகள் கொழும்புக்குப் புறப்படும் நாளன்று படம் கையில் இருக்க வேண்டும்; மாப்பிள்ளையின் தாய் பயணம் செய்ய முடியாதவர், மகனின் தாலிகட்டை அதில்தான் பார்க்கப்போகிறார் என்று வாத்தியார் சொன்னார். நான் தேதியைச் சிவப்பு மையால் எழுதினேன்.

மெதுவான வேகத்தையே கணக்கில் எடுத்து வேலையைத் தொடங்கினேன். முதல் சீடி முடிந்தது. இரண்டாவது, தாலிகட்டு உள்ள சீடி, பாதியில் இருக்கும்போது இடியோடு கரண்ட் போய்விட்டது. கரண்ட் வந்ததும் முதலிலிருந்து தொடங்கினேன். பழைய வேகம் இருந்திருந்தால் அப்போதும் நேரம் இருந்தது.

காலையில் வாத்தியார் வேனோடு வந்தார். கீழே வேனுக்குள் மகளும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். கூரையில் சூட்கேசுகளைக் கயிற்றால் கட்டியிருந்தது. வாத்தியார் ஏறிவந்து திரையைப் பார்த்தார். நீலப் பட்டை பாதியைக் கொஞ்சம் தாண்டி நின்றது. நான் எழுந்து நின்று, முடியவில்லை சார் என்றேன்.

"நீர் ஒருநாளும் பிந்துற ஆளில்லையே, தம்பி" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

நான் பதில் சொல்வதற்குள் நண்பன் கதவடியிலிருந்து பேசினான். "இவரு கொஞ்சம் நிதானம் சார். ஒன்ன பத்துத் தடவ பாப்பாரு. நானும் சொல்லிச் சொல்லி ஓஞ்சிட்டேன்."

வாத்தியார் தலையை ஆட்டிவிட்டு முதல் சீடியை மட்டும் வாங்கிக்கொண்டு இறங்கினார். தாலிகட்டு அதில் இல்லை. ஜன்னலால் பார்த்தேன். மகள் அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்தாள், மேலே பார்க்கவில்லை.

அடுத்த வாரம் தோட்டத்து ஆபீசுக்குப் போய்ப் பெரிய கிளாக்கரைப் பார்த்தேன். என் பழைய இடத்தில் வேறொருவர் இருந்தார். இடம் வந்தால் சொல்கிறேன் என்றார் பெரிய கிளாக்கர். இதை நண்பனிடமும் சொன்னேன். எனக்கு இந்த வேலை சரிவராது போலிருக்கிறது என்றேன். அவன் நகத்தைப் பார்த்துக்கொண்டு, அவசரப்படாதே என்றான்.

முந்திய ஆண்டு ஐப்பசியில் வந்த ஆயுத பூசை 2002இல் புரட்டாசியிலேயே வந்துவிட்டது. அன்று காலை நண்பன், இந்தத் தடவை எல்லா மெசினுக்கும் வெளியே வைத்தால் போதும், உள்ளே ஈரக்காற்றுப் பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பொரியும் கடலையும் பூவும் வாங்கப் போனான். நான் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் சந்தனத்தைக் குழைத்துவிட்டு வெளித்தகரத்தின் முன்னால் நின்றபோது அப்பாவின் முகம் வந்தது. மூடியைக் கழற்றத் திருப்புளியை எடுத்தேன்.

உள்ளே ஒரு கறுப்புப் பெட்டிதான் இருந்தது. அதன் விளிம்பில் போன ஆண்டுச் சந்தனம் வெடித்து வெளிறிப்போய் இருந்தது, குங்குமம் மங்கலாக. பக்கத்தில், மற்றது நிற்க வேண்டிய பள்ளத்தில், ஒரு மெல்லிய பச்சை அட்டை. விசிறி இல்லை, பெட்டி இல்லை. புரோசசர் இல்லாத பள்ளத்தை அடைத்துவைக்கும் வெற்று அட்டை அது. கணினிப் புத்தகத்தில் படம் பார்த்திருக்கிறேன்.

வந்தபோதே இப்படித்தான் இருந்ததோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஆனால் நான் வைத்தது இரண்டு பொட்டு. விளக்குப் பிடித்தவனும் பார்த்தான்.

ஒன்றைக் கழற்றியாயிற்று, மற்றவற்றையும் கழற்றுவோம் என்று கேம்ஸ் மெசின்களுக்குப் போனேன். முதலாவதில் தூசு. இரண்டாவதில் தூசும் ஒரு பல்லி முட்டையும். மூன்றாம் நம்பர் மெசினின் மூடியை இழுத்தபோது உள்ளே சந்தனம் தெரிந்தது. கறுப்புப் பெட்டியின் விளிம்பில், கொஞ்சம் இடப்பக்கமாகச் சரிந்து, என் விரல் அளவில். போன ஆண்டு அந்த மெசினை யாரும் திறக்கவில்லை.

நான் எல்லா மூடிகளையும் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அவன் பையோடு படியேறி வந்து வாசலில் நின்றான். சுவரோரத்தைப் பார்த்தான், மூன்றாம் நம்பரைப் பார்த்தான். தெரியாதவன்போல் நடிக்கவில்லை. அந்த ஒன்றை அவனுக்காகச் சொல்லிவைக்கிறேன்.

"ஒரு வாரத்துக்குன்னுதான் எடுத்தேன் மச்சான்" என்றான். "சித்திரையில இடி விழுந்தப்போ இந்த மூணாம் நம்பரோடது கருகிப்போச்சு. லீவு நேரம், பசங்க வாற நேரம். பெறகு போட்டுறலாம்னு இருந்தேன்."

"அந்த ஒத்தக் கோடு?"

அவன் பையைத் தரையில் வைத்தான்.

"வாத்தியார் வந்தன்னிக்கு நீ இங்கதானே நின்ன."

"பூசைக்கு முன்னாடி திருப்பிப் போட்டுறலாம்னு நெனச்சேன்டா. போன வருசம் ஐப்பசியிலதானே வந்திச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு அல்ல. பையிலிருந்து பொரி கொஞ்சம் தரையில் சிந்தியிருந்தது. அவன் குனிந்து அதைப் பொறுக்கத் தொடங்கினான்.

"அப்ப இந்தப் பொட்டையாவது அழிச்சிருக்கலாமே. எனக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்த்தான். நான் ஏதோ கூடாததைச் சொல்லிவிட்டதுபோல் இருந்தது அந்தப் பார்வை.

"பூசையில வச்ச பொட்ட எப்பிடிடா அழிக்கிறது?" என்றான்.

உண்மையாகவே கேட்டான். புரோசசரைக் கழற்றும்போதும், இங்கே பூட்டும்போதும் விரல் அதில் பட்டுவிடாமல் விளிம்பைத் தவிர்த்துப் பிடித்திருக்கிறான். சந்தனத்தில் ஒரு கீறல்கூட இல்லை. என்னைப் பற்றி வாத்தியாரிடம் சொன்னபோது அவனுக்கு இப்படி எதுவும் தடுக்கவில்லை.

அன்று பூசை நடந்தது. பிள்ளைகள் வந்தார்கள், கற்பூரம் ஏற்றினோம், பொரி கடலை கொடுத்தோம். மறுநாள் புரோசசரை அதன் இடத்தில் பூட்டினேன். திரையில் இரண்டு கட்டங்கள் வந்தன. வாத்தியார் மகளின் கலியாணத்தைக் கமரா நாடாவிலிருந்து திரும்ப ஏற்றி, இரண்டாவது சீடியை ஓடவிட்டேன். பச்சைக் கோடுகள் இரண்டும் உச்சியில் போயின. அப்பா மத்தியானச் சாப்பாடு அனுப்பியிருந்தார். அதைச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வர, தாலிகட்டு தாண்டியிருந்தது. அவ்வளவு சீக்கிரம் முடிவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. எழுந்து ஜன்னலுக்குப் போய்விட்டேன்.

அந்த மாதமே பிரிந்தோம். கமராவையும் ரெட்டை மெசினையும் நான் எடுத்துக்கொண்டேன். அவன் மறுப்புச் சொல்லவில்லை. அதே கம்பளியில் சுற்றிக் கீழே இறக்க உதவியும் செய்தான்.

ஐப்பசியில், தீபாவளி கழித்து, சீடியோடு கொட்டகலைக்குப் போனேன். வாத்தியார் பள்ளிக்கூட விடுதியில் தனியாக இருந்தார். ரயிலில் போகும்போதே சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. பத்து ஆட்கள் செய்யும் வேலையை ஐந்து ஆட்கள் செய்தார்கள் சார், மற்ற ஐந்து பேரையும் எனக்குத் தெரியாமல் வேறு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள் என்றால் போதும். கணக்கு அவருடையது.

அவர் சீடியை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். அடுத்த தபாலில் கனடாவுக்கு அனுப்புவதாகச் சொன்னார். மாப்பிள்ளையின் தாய் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். படம் எப்போது வரும் என்று இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாராம் என்றார். பிறகு நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"நீர் ஒண்டும் சொல்ல வேண்டாம், தம்பி. அண்டைக்கே உம்மட சிநேகிதன் சொன்னவர்தானே. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு வேகம். அதில என்ன வெக்கம்?"

அதை அவ்வளவு அன்பாகச் சொன்னார். வகுப்பில் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, தப்பாகப் போட்ட கணக்கைத் திருத்தித் தந்த அதே குரல். அதற்குப் பிறகு நான் எதைச் சொன்னாலும், மெதுவான ஒருவன் தேடிப்பிடித்த சாக்காகத்தான் அது கேட்டிருக்கும். தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்து, கவனமாகப் போம் என்றார்.

கொட்டகலை ஸ்டேஷனில் அன்று ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தது.